காலால் பிறந்தவள்

என் தங்கைக்கு வலது கால் சூம்பியிருக்கும். அந்தக் காலைப் பார்த்து நான் வயிறெரிந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் எரிந்தது உண்மை. சாப்பாடு இறங்காத அளவுக்கு எரிந்தது.

நடை பழகிய வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது வலது காலில் வலுவில்லை. அதன்பிறகு இடது கால் வளர்ந்த மாதிரி அது வளரவும் இல்லை. ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. நொண்டி என்றால் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தலைவரான அம்பலகாரர் வீட்டுப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே விந்தி விந்தி நடந்து காட்டுவார்கள். அம்மா பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. அவளுக்கு வாயே கிடையாது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். அப்படிப் பிறந்த பிள்ளை ஊருக்கு ஒன்று கிடைப்பதே அரிது. ஒரு தடவை அம்பலகாரர் வீட்டம்மா நெல் அவிக்கிற அண்டாவைத் தூக்கப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். வைத்தியர் வந்தார், எண்ணெய் தேய்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அம்மா அங்கே போனாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"எங்க சின்னவ காலால பொறந்தவங்க. வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு இத்தன நாளும் யார்ட்டயும் மூச்சு விடல. வலது காலுதான் மொதல்ல வந்துச்சு. அந்தக் காலால மிதிச்சாத்தான் கேக்கும்."

உடனே சின்னவளைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த வீட்டம்மா வாசற்படிக்குக் குறுக்கே குப்புறப் படுத்தாள். என் தங்கை நிலையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குச்சிக் காலை அவள் இடுப்பில் வைத்து மூன்று முறை மிதித்தாள். மறுநாள் அந்த அம்மா எழுந்து நடமாடினாள். பிடிப்பு தானாகவே விட்டிருக்கலாம். அதை அம்பலகாரர் வீட்டில் போய் யார் சொல்வது? எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு மிரட்டியதுதான். "இனிமே எவனாச்சும் அவள நொண்டின்னு சொன்னீங்க, வாயில சூடு வச்சுருவேன்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊர் வாய் அன்றோடு மூடிக்கொண்டது.

பிடித்தது எனக்குச் சனி. இடுப்புப் பிடித்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். கருப்பட்டி வரும், கடலை உருண்டை வரும், பனங்கிழங்கு வரும். எல்லாம் சின்னவளுக்கு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "எனக்குத் தூக்கம் வருது" என்று கண்ணைக் கசக்குவாள். கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்ததும் தூக்கம் போய்விடும். அவள் காலைக் கழுவிவிடச் செம்பில் தண்ணீர் கொண்டு வருவது மட்டும் என் வேலை. இரண்டு காலும் நன்றாக இருந்த நான், அந்த ஒரு காலுக்குத் தண்ணீர் சுமந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"நான் எப்படிம்மா பொறந்தேன்?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எல்லாரும் பொறக்குற மாதிரிதான்."

"அப்ப எனக்குன்னு என்னதான் இருக்கு?"

"ஒனக்குத்தான் ரெண்டு காலு இருக்கே."

கேலி பண்ணுகிறாள் என்று அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. யாரும் கெஞ்சவும் இல்லை.

எனக்கென்று ஒரு ஆள் உண்டென்றால் அது என் பெரியம்மாதான். அம்மாவுக்கு அக்கா. கீரனூரில் இருந்தாள், பிள்ளை கிடையாது. தங்கை பிறந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச காலம் வளர்த்தவள். அவள் வாங்கி வருவது எல்லாமே எனக்கு, மிச்சம் இருந்தால்தான் சின்னவளுக்கு. அந்த வருஷம் கோவில் திருவிழாவுக்கு வந்தாள். கீரனூரில் ஏறி, பஸ் மாறி மாறி வந்து, கடைசியில் எங்கள் ஊர்ப் பாதையில் மாட்டு வண்டி குலுக்கிய குலுக்கலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அம்பலகாரர் வீட்டம்மாவும் அப்போது எங்கள் வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய் வாசற்படியில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிட்டாள்.

"இங்கிட்டு வாடி பெரியவளே. வந்து ஏறி மிதி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

"அவ இல்லக்கா. சின்னவதானே காலால பொறந்தவ."

பெரியம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தாள். அம்பலகாரர் வீட்டம்மா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். பெரியம்மா மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டாள்.

"ஆமாமா. எனக்கு மாறிப்போச்சு. சின்னவளக் கூப்பிடு."

நான் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். வைத்த வேகத்தில் பாதி கொட்டிப் போயிற்று. சின்னவள் மிதித்தாள். "போயிருச்சு கண்ணு, போயே போயிருச்சு" என்றாள் பெரியம்மா. சொன்னாளே தவிர, திருவிழா முடிந்து ஊருக்குப் போகும்வரை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். எனக்கென்று வாங்கி வந்த சிவப்பு ரிப்பனைக்கூடச் சின்னவள் தலையில்தான் கட்டினாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஊர் போனால் போகட்டும், பெரியம்மாவும் போய்விட்டாளே என்று கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கால் எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று சாமியைக் கேட்டேன்.

பெரியம்மா ஊருக்குப் போன பிறகு ஒருநாள் மத்தியானம். சின்னவள் அம்பலகாரர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தாள். நாற்று நடப் போன அம்மா பாதியிலேயே திரும்பி வந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் குப்புறப் படுத்தாள்.

"இடுப்பு புடிச்சிருச்சு. கொஞ்சம் மிதி. யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"ஒங்க சின்னவளக் கூப்பிட வேண்டியதுதானே?"

"மிதிடி."

இருந்த கோபத்தையெல்லாம் காலில் வைத்து மிதித்தேன். அம்மா கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "போயிருச்சு" என்று சொல்லிவிட்டு வயலுக்குத் திரும்பிப் போனாள். அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு பொய் நோவை இழுத்துவிட்டுக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த மிதியில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பொய்க்கு மிதித்தால் என்ன, மிதிக்காவிட்டால் என்ன?

எனக்குக் கல்யாணமாகித் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது அம்மா உயிரோடு இல்லை. பெரியம்மாதான் வந்து பக்கத்தில் இருந்தாள். நான் பயந்துகொண்டிருந்ததைப் பார்த்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீயே காலால வந்தவதான். ஒங்காத்தா பொழைச்சு எந்திரிச்சா. ஒனக்கு மட்டும் என்ன வந்துரும்?"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"சின்னவ நல்லாத்தான் பொறந்தா. ரெண்டு பிரசவமும் எங்க பக்கம் நடந்தது, ஒங்க ஊருக்கு என்ன தெரியும்? ஒங்காத்தா கைகாரிடி. ஒன் காலக் கழட்டி அவளுக்கு மாட்டிவிட்டுட்டா."

கேட்டதும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கருப்பட்டியெல்லாம் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று நினைத்தேன். பிள்ளை பெறப் போகிற வயதிலும் புத்தி அங்கேதான் போயிற்று. தங்கையிடம் இதை நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அவளைத் தேடி ஆள் வருகிறது, அவளும் மிதிக்கிறாள்.

அம்மா கதவைச் சாத்திய அந்த மத்தியானம் மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஊரெல்லாம் சின்னவளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. தனக்கு நிஜமாகவே வலித்தபோது, அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.