அக்காவின் குரலும் செத்துப்போன அட்டையும்

பயப்படுவதற்கு உலகக் கோப்பை என்று ஒன்று இருந்தால், நம் ஒலிக்காரன் அதை வென்று வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியிலிருந்து விழுந்துவிடுமோ என்று அதற்கும் பயந்துகொண்டிருப்பான். சரி, உலகம் என்பது கொஞ்சம் கூடத்தான். தெருவளவில் என்று குறைத்துக்கொண்டால் அவன் மனைவியே சாட்சிக் கையெழுத்துப் போடுவாள். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பான். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். பூட்டே அலுத்துப்போய்த் திறந்துகொண்டால்தான் உண்டு.

அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதியாக இருந்தான். அதுதான் அவனைக் கவிழ்த்தது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுப்பது அவன் தொழில். வீட்டின் பின்னறையில், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு வேலை நடக்கும். வாசிப்பவள் அவனுடைய அக்கா. பூகோளமும் வாசிப்பாள், பின்னக் கணக்கும் வாசிப்பாள். அவள் வாசித்தால் பின்னக் கணக்கில்கூட அடுத்து என்ன ஆகுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அத்தனை வருஷப் பதிவுகளும் மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள், நாலு டிஸ்க்குகளில் இருந்தன. நாலையும் ஒன்றாகக் கட்டி மேய்ப்பது ரெய்டு கார்டு என்கிற ஓர் அட்டை. ஒவ்வொரு பதிவையும் அது துண்டு துண்டாக்கி நாலிலும் பரப்பி வைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றை வைத்து முழுசாக மீட்டுக்கொடுக்கும். "எது செத்தாலும் கவலையில்ல" என்று ஒலிக்காரன் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

செத்தது அட்டை. எதை எங்கே பரப்பி வைத்தது என்ற விவரத்தை அதன் இனத்து அட்டைகள்தான் படிக்கும். வேறு யாருக்கும் அந்த நாலு டிஸ்க்குகளும் வெறும் இரும்பு.

சாகவும் அது நேரம் பார்த்திருந்தது. அக்காவின் தொண்டையில் கட்டி வந்து, டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டிருந்தார்கள். உயிர் பிழைத்தாள், பேச்சு போயிற்று. கழுத்தில் கட்டும் பிளாஸ்திரியுமாகத் தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். சொல்ல வேண்டியதைப் போனில் தட்டினால், போன் ஒரு பெண் குரலில் படிக்கும். ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரல். "காப்பியில சர்க்கரை இல்ல" என்றால்கூட அதற்காக வருந்துகிற மாதிரி இருக்கும். "இந்தப் பொம்பளைய என் வாயிலேர்ந்து இறக்கி விடுடா" என்று ஒரு நாள் தட்டினாள். அதையும் அந்தப் பொம்பளையேதான் படித்தாள்.

இறக்கிவிட ஒரு வழி இருந்தது. பழைய பதிவுகளை வைத்து, அக்காவின் சொந்தக் குரலிலேயே போனைப் பேச வைக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். ஆனால் பள்ளிகளுக்குக் கொடுத்த பதிவுகள் உதவாதாம்.

"அதெல்லாம் அமுக்கிச் சுருக்கினது. எனக்கு மூலப் பதிவு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. அப்புறம் நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்."

"மூலமெல்லாம் பத்திரமா இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்த அதே வாரம், கறுப்புப் பெட்டி பசித்த குழந்தை மாதிரி வீறிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் நின்றான் ஒலிக்காரன். இரவெல்லாம் இணையத்தில் படித்துக் கண் இரண்டும் கோவைப்பழம். கூடவே அக்கா. கடைக்காரர் பளபளவென்று ஒரு அட்டையை எடுத்துப் போட்டார்.

"இதைக் கொண்டுபோங்க சார். நாலு டிஸ்க் என்ன, எட்டைக் கட்டி மேய்க்கும்."

"இது வேற கம்பெனியாச்சே. பழைய அட்டை பரப்பி வெச்சதெல்லாம் இதுக்குப் புரியுமா?"

"புரியாட்டி என்ன, புதுசா அமைச்சுக்கும்."

"புதுசா அமைச்சா உள்ள இருக்கறது?"

"அது போயிடும்" என்றார் அவர், சட்டையில் ஒட்டிய தூசியைப் பற்றிச் சொல்வது போல. "போனா போகட்டும் சார். சுத்தமா ஆரம்பிக்கலாம்."

ஒலிக்காரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்த அட்டையைத் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

செத்ததைப் போலவே அச்சு அசலாக ஒன்று வேண்டும் என்று கேட்டான். கடைக்காரர் அட்டைப்பெட்டிகளுக்குள் தலையை விட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். மாடல் அதேதான். ஆனால் ஒரு மூலையில் கறுத்து, தீய்ந்த வாசனை வந்தது.

"ஓடுமா?"

"ஓடினாலும் ஓடும்."

மூன்றாவதாக வந்தது அதே கம்பெனியின் அடுத்த தலைமுறை அட்டை. மூடிப்போன ஏதோ அலுவலகத்தின் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. முந்தின தலைமுறை எழுதியதை இது படிக்கும் என்று ஒலிக்காரன் படித்திருந்தான். ஆனால் கேபிள் சொருகும் வாய் வேறு மாதிரி. டிஸ்க்குகளுக்குப் பொருந்தும் கேபிள் தனியாக வேண்டும். தப்பான கேபிளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. போதாக்குறைக்கு, அலுவலகத்தில் வளர்ந்த அட்டை வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும் என்றும் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனில் உள்ள படத்தோடு ஒப்பிட்டான். கீழே வைத்தான். மறுபடி எடுத்தான்.

"தயவுசெய்து முடிவெடு" என்றது ரயில் நிலையக் குரல். கடைக்காரர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். அக்கா போனை உயர்த்திக் காட்டினாள். "இவனுக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான். நல்லவேளை, அந்தப் பொண்ணு முடிவெடுத்துட்டா."

மூன்றாவதை வாங்கினான். கேபிளை வாங்கினான். பயத்துக்கு இன்னொரு கேபிளும் வாங்கினான்.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினான். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. அணைத்துப் போட்டான், இருட்டு. கேபிளை மாற்றிப் போட்டான், அப்போதும் இருட்டு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அட்டையின் அடிப்பக்கத்துப் பல்வரிசையில் இரண்டே இரண்டு பற்கள்தான் வீட்டுக் கம்ப்யூட்டரோடு தகராறு செய்யுமாம். மெல்லிய டேப்பால் அவற்றின் வாயை அடைத்துவிட்டால் கப்சிப். எந்த இரண்டு என்று படத்தை வைத்துப் பலமுறை எண்ணினான். வீட்டில் இருந்ததோ பார்சல் கட்டுகிற தடித்த டேப். அதை ஒட்டினால் அட்டை உள்ளேயே நுழையாது. அலமாரி அலமாரியாகக் கவிழ்த்தான். அக்கா எழுந்துபோய், தன் கழுத்துக் கட்டுக்கு ஒட்டும் சன்னமான பிளாஸ்திரிச் சுருளைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

நகம் வெட்டும் கத்தரியால் எறும்பு அளவு துண்டு வெட்டி ஒட்டினான். திரை விழித்துக்கொண்டது.

விழித்ததும் ஒரு கேள்வி கேட்டது. வெளியிலிருந்து வந்த டிஸ்க்குகள் தெரிகின்றன, அவற்றின் பழைய அமைப்பை ஏற்றுக்கொள்வதா, அழித்துவிடுவதா? இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. ஒரு வரி தவறினால் அக்காவின் குரல் ஆயுசுக்கும் கிடையாது. ஒலிக்காரனுக்கு உள்ளங்கை வேர்த்து ஊற்றியது. ஆனாலும் என்ன, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல், மேல் வரியில் நிறுத்தி, பட்டென்று அழுத்திவிட்டான்.

மூன்று டிஸ்க்குகளில் பச்சை விளக்கு. ஒன்றில் மஞ்சள், கொஞ்சம் நோஞ்சான், பிழைத்துக்கொள்ளும். புத்தகங்களின் பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கின. கைக்கு வந்த ஒன்றைத் திறந்தான்.

"மலையில் பிறக்கும் ஆறு சமவெளியை அடைந்ததும் வேகம் குறைந்து…" பின்னறை முழுக்க அக்காவின் குரல். சட்டென்று நின்றது. "டேய், ஃபேனை நிறுத்தினியா இல்லையா? காதுல வண்டு பறக்குது. தூங்குமூஞ்சி, மறுபடி முதல்லேர்ந்து போடு."

வெட்டி எறியாத மூலப் பதிவு. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஒலிக்காரனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். ஓடிப்போய், வீட்டில் இருந்த அத்தனை டிஸ்க்கிலும் நகல் எடுக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் மருந்துக்கடை வேலை முடிந்து மனைவி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் நிறுத்திவைத்து எல்லாவற்றையும் இதே மாதிரி சொன்னான்.

"அழிச்சிடவான்னு கேட்டுச்சா? ஐயோ. அப்புறம் யாருங்க அழுத்தினது?"

"வேற யாரு, நான்தான். கை நடுங்கவேயில்ல தெரியுமா?"

அவள் நம்பாமல் அக்கா பக்கம் திரும்பினாள். "அப்படியா அண்ணி?"

அக்கா நிதானமாகத் தட்டினாள். ரயில் நிலையத்துப் பொம்பளை, வழக்கம்போல வருத்தத்தோடு அறிவித்தாள்: "அழுத்தினது நான். அவன் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, ஆச்சா ஆச்சான்னு கேட்டுக்கிட்டு இருந்தான்."