நகர மண்டபத்து மேற்குச் சுவர்

எங்கள் ஊர் நகர மண்டபம் இடிபடாமல் நிலைத்துவிட்டது. அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தெய்வச் செயல் என்பாரும் உளர். தேர்தல் நெருங்கியமையால் என்பாரும் உளர். உண்மையில் நிகழ்ந்ததை நேரில் கண்டவருள் யானும் ஒருவன். அம்மண்டபத்துக்குக் கேடு விளைத்தவருள்ளும் யான் ஒருவன். இவ்விரண்டையும் ஒருங்கே எழுதிவைப்பது என் கடமை.

பெரியாற்று நீரால் இருபோகம் விளையத் தொடங்கியபின், கூடிப் பேச ஓரிடம் வேண்டுமென்று பள்ளத்தாக்கின் உழவர்கள் தாமே எழுப்பிய மண்டபம் அது. மலையடிவாரத்துக் கருங்கல்; கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் அரைத்த சுண்ணாம்பு; தேவாரம் ஊரார் வண்டிகளில் அனுப்பிய தேக்கு உத்தரங்கள். தண்ணீர் முறை வகுப்பதும், ஏலக்காய் வணிகர் கூடுவதும், திருமணங்களும் அங்கேதான்.

ஒரேயொரு குறை. சுவரில் சாய்ந்தவர் முதுகு வெளுத்துவிடும். மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையும் அதற்குத் தப்பாது. “மண்டபத்துக்குப் போய்ட்டு வாராக போல” என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். அந்நாளில் இளம் தமிழாசிரியனாக இருந்த யான், சுவர் முழுவதும் சிமெண்டு பூசவேண்டுமென நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதி, தெருத்தெருவாகக் கையொப்பம் வாங்கினேன். பூசினார்கள். எனக்கு மாலையும் இட்டார்கள்.

பல்லாண்டுகளுக்குப்பின் மேற்குச் சுவரில் விரல் நுழையுமளவு வெடிப்புத் தோன்றியது. அடித்தளம் இறங்கிவிட்டதெனப் பொறியாளர் அறிக்கை தந்தார். மண்டபத்தை இடித்து வணிக வளாகம் கட்ட முடிவாயிற்று.

கதவுகளைக் கழற்ற வேலையாட்கள் வந்த காலையில், இறுதியாக ஒருமுறை பார்த்துவரச் சென்றேன். நகர்மன்றத் தலைவரான அம்மையாரும் பொறியாளரும் நின்றிருந்தனர். கடமலைக்குண்டிலிருந்து வந்திருந்த சித்தாள் ஒருவர், கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

“சார், இங்கன தட்டிப் பாருங்க. பொத்துப் பொத்துன்னு கேக்குது. வெடிச்சது மேல்பூச்சுதான், செவரு இல்ல.”

பொறியாளர் சிரித்தார். “எந்தக் காலேஜுல படிச்சீக ஆத்தா?”

“இதே செவத்துலதான் சார். சிமிண்டு பூசுனப்ப சட்டி தூக்குனவ நான். சுண்ணாம்புச் செவரு ஈரத்த வாங்கி வெளிய விடணும், அடைக்காதீகன்னு எங்க கொத்தனாரு அப்பவே சொன்னாக. எவரோ ஒரு வாத்தியாரு மனு எழுதிக் குடுத்துட்டாராம். யாரும் கேக்கல.”

“அந்த வாத்தியார் நான்தான்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப சுத்தியல நீங்களே புடிங்கய்யா.”

தலைவர் அம்மையார் இடைமறித்தார். “உரிச்சுப் பாத்துருவோம். வெடிப்பு கல்லுக்குள்ள போயிருந்தா இன்னைக்கே இடிங்க. போகலேன்னா ஒரு கல்லத் தொடக்கூடாது.”

முதல் அடி என்னுடையது. சிமெண்டு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. வேலையாட்கள் கைகொடுக்க, மேலிருந்து தரைவரை வெடிப்பு நெடுக உரித்தோம். உள்ளே பழைய சுண்ணப்பூச்சு, ஈரம் கோத்து, ஒரு கீறலும் இன்றி வழவழவென்று இருந்தது. பொறியாளர் உள்ளங்கையால் இருமுறை தடவிப் பார்த்தார். பின் அடித்தளத்தையும் ஓரிடத்தில் தோண்டச் செய்து பார்த்தார். அது இம்மியும் இறங்கவில்லை.

“என் அறிக்கை தப்பும்மா. வேற எழுதித் தாரேன்” என்றார். அதனை அத்தனைபேர் முன்னிலையில் சொல்லிய நேர்மையை இங்குப் பதிவு செய்கிறேன்.

வாயிலில் திரண்டிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஓட்டுநர் ஒருவர் பேருந்தை நிறுத்தி எட்டிப் பார்த்தார். தேநீர்க் கடைக்காரர் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தனுப்பினார். என் வாழ்நாளில் தோற்றுப்போய் இத்துணை மகிழ்ந்ததில்லை.

நகர்மன்றம் இடிப்புத் தீர்மானத்தைக் கைவிட்டது. நான்கு சுவர்களிலும் சிமெண்டு நீக்கி மீண்டும் சுண்ணாம்பு பூசப்பெற்றது. அவ்வேலையில் அந்தச் சித்தாளே மேற்பார்வை. இவ்வாண்டு நீர் திறப்புக்கான உழவர் கூட்டம் அங்கே நடந்தபோது, உள்ளே இடமின்றிப் பாதிப்பேர் வாயிலில் நின்றார்கள்.

மண்டபத்தின் வரலாற்றைக் கல்லில் பொறித்து வாயிலில் பதிக்கவிருக்கிறார்கள். எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதியவன் யானே என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன். ஆயின் தேக்கு தந்தவர் தேவாரம் ஊராரா, போடி ஊராரா என்பதில் எனக்கு முழுத் தெளிவில்லை. செவிவழி அறிந்ததையே மேலே எழுதினேன். முன்பொருமுறை என் எழுத்தை ஒருவரும் தடுக்காததால் நேர்ந்த தீங்கை அறிவீர்கள். பழைய கடிதமோ ஒளிப்படமோ வீட்டார் வழிச் செய்தியோ உடையவர்கள், இது கல்லேறும் முன் என் பிழைகளைத் தயங்காது திருத்தித் தருமாறு வேண்டுகிறேன்.