பலகை துடைப்பவர்

கும்மிடிப்பூண்டியில் கழிவு எரிக்கும் ஆலை ஒன்றின் எதிரேதான் நான் தினமும் கம்பெனி பஸ் ஏறுவேன். வீடு இரண்டு தெரு தள்ளி. ஆலை வாசலில் ஒரு மின்பலகை உண்டு. புகைபோக்கியிலிருந்து எது எவ்வளவு வெளியேறுகிறது என்று அதில் எண்கள் ஓடும். எல்லாம் பச்சை எழுத்தில். பச்சை என்றால் அளவோடு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று பொருள்.

காலையில் அதை ஈரத்துணியால் துடைப்பவர் வாசல் செக்யூரிட்டி. ஒடிசலான ஆள், தொளதொளவென்று நீலச் சட்டை. அவர் துடைக்காவிட்டால் சாம்பல் மூடி, காற்று சுத்தமாக இருப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

துடைத்ததும் துணியை விரித்துப் பார்ப்பார். பிறகு மனைவிக்கு போன் போடுவார். "துணியெல்லாம் உள்ள எடுத்துடு. புள்ளய வெளிய வுடாத." சில நாள், "இன்னிக்குப் பரவால்ல, காயட்டும்."

ஒருநாள் கேட்டேன். "ஏண்ணா, போர்டுல எல்லாம் பச்சையாத்தான இருக்கு?"

"அது எப்பவும் அப்பிடித்தான் சார் இருக்கும். அத்தப் பாத்துக்கினு இருந்தா ஊட்ல எப்பிடித் துணி காயப்போடறது?"

போன வாரம் ஆலையில் அவருக்குப் பலகை துடைக்கப் புதுத் துணி கொடுத்தார்கள். அழுக்குத் தெரியாத கறுப்பு. அவர் முதலில் தன் வெள்ளைக் கைக்குட்டையால் பலகையின் ஒரு மூலையைத் துடைத்து விரித்துப் பார்த்தார். மிச்சத்தைக் கறுப்புத் துணியால் துடைத்துவிட்டு போனை எடுத்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் நான் ஏறவில்லை. எங்கள் வீட்டு மாடியிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது.