அனந்தகிரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

அண்ணே, நீ கண்ணை மூடி முப்பது நாள் ஆகிறது. நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியற்காலைப் பூசைக்குப் போய்வந்து சமையலில் இறங்கிவிடுவாள். நமக்கு எட்டு மணிப் பூசை, அது முடிந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி என்று நீ சொல்லிவைத்திருந்தாய். கோயில் தெரு முனைவரை பைக்கை மெதுவாகத்தான் ஓட்டுவாய். அதைத் தாண்டியதும் வண்டி விகாராபாத் பக்கம் பறக்கும். ஆறு நாள் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு மருந்துத் தூளோடு கிடந்தவன் நீ. ஏழாம் நாள் உனக்குக் காற்று வேண்டியிருந்தது. எனக்கும்தான். எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு வீட்டையும் தண்ணீர்க் குழாயையும் தவிர நான் என்ன பார்த்தேன்?

ஆலமரங்கள் இரண்டு பக்கமும் கூடுகிற ரோடு வரும். அதிலும் நீ நிலைக்க மாட்டாய். பஸ் போகிற ரோடு நமக்கு நக்கோ, வேண்டாம் என்று மண் பாதையில் திருப்பிவிடுவாய். துவரைச் செடிகள் முழங்காலில் அடிக்கும். ஒருமுறை பாதை ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில் போய் முடிந்தது. அந்த வீட்டம்மா தெலுங்கில் திட்டிக்கொண்டே மோர் கொடுத்தாள்.

அனந்தகிரி மலை இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுவாய். காட்டுக்குள் டயர் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது மாதா பாட்டு பாடுவாய். ஒவ்வொரு வளைவிலும் குரல் சறுக்கும்.

"இதான் பாட்டுப் பயிற்சி, பாப்பா. அம்மாகிட்ட சொன்னது பொய்யில்ல."

ஒரு ஞாயிறு வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள், சாமியார் என்ன கலர் உடுப்பு போட்டிருந்தார் என்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் ஊதாதானே. யோசிக்காமல் ஊதா என்றாய். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் ரோஸ் உடுப்பு, அது அன்றைக்குத்தான் என்பது நம் இரண்டு பேருக்கும் நினைவில்லை. அம்மா காலையில் பார்த்துவிட்டு வந்துதான் கேட்டிருக்கிறாள். சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து உன்னோடு பேச்சில்லை. எங்கே போனாய் என்று அவளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் ராப்பகலாக உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

நீ போன பிறகு தினமும் அதே அழுகை. பூசையை விட்டுவிட்டு எங்கே போனானோ, குடித்தானோ, சீட்டாடினானோ, என்ன பாவத்தோடு போனானோ என்று. அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அண்ணே.

சொன்னதும் அம்மா என்னை அடிக்கவில்லை.

"அங்க யாரு இருந்தா?"

"யாரும் இல்லம்மா. மலைதான். அண்ணன் மாதா பாட்டு பாடும்."

எந்தப் பாட்டு என்றாள். பாடிக் காட்டினேன். பாதியிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல. உன்னைய இறக்கிவிட்டா எனக்கு இடம் இருந்திருக்கும்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆனாலும் பூசையை விட்டது விட்டதுதான் என்றாள். அவளுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எனக்கும் இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அண்ணன் விட்ட பூசைகளை ஆண்டவர் மன்னிக்கும்படி அவனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து போனவள் நான். எனக்காக அப்புறம் வேண்டிக்கொள்ளலாம். முதலில் அவனுக்கு.