கரிமூட்டம் போட்ட இடத்துக் காளான்

யுத்தம் நடந்த வருஷங்களில் அருப்புக்கோட்டையில் பாதித் தறிகள் நின்றுபோயின. நூல் சர்க்கார் கட்டுப்பாட்டுக்குள் போனது. அது யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ, எங்கள் தெருவுக்கு வரவில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேலை இல்லாவிட்டாலும் காலையில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அங்கே அவளுக்கும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

பக்கத்து வீட்டு நெசவாளி எனக்குச் சிநேகிதன். என்னைவிட மூன்று வயது மூத்தவன் என்றாலும் 'ஏலே' என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டில் கன்னடம், அவன் வீட்டில் தெலுங்கு. அதனால் எங்களுக்குள் எப்போதும் தமிழ்தான். அவன் மனைவியை நான் மதினி என்பேன். அவர்களுக்கு நாலு வயதில் ஒரே பெண் குழந்தை. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும்.

காளான் எடுக்கப் போகலாம் என்று முதலில் சொன்னது மதினிதான். சந்தையில் கிராமத்துப் பெண்கள் ஓலைக்கொட்டானில் காளான் கொண்டுவந்து சோளத்துக்கு மாற்றிப் போவதை அவள் பார்த்திருந்தாள்.

"அவுக என்ன வெதச்சா எடுக்காக? காட்டுல கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்துருக்குற நேரத்துக்குப் போயிட்டு வரலாம்ல" என்றாள்.

நெசவுக்காரர்களுக்குக் காடு தெரியாது. முதல் முறை போனபோது வழியில் கிடைத்த கரிசல் நிலத்திலெல்லாம் தேடினோம். ஒரு நாள் முழுக்க அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழை பெய்தால் களியாகி மூடிக்கொள்ளும். கறையான் அதில் குடியிருக்க முடியாது. நாங்கள் தேடிய காளானோ கறையான் புற்றுக்கு உள்ளேயிருந்து முளைப்பது. திருச்சுழி போகிற பாதையில் ஒரு கண்மாயைத் தாண்டினால் தரை மெல்ல மேடாகிச் செவல் மண்ணும் சரளையுமாக மாறும். அங்கே ஒரு காடு இருந்தது. வெளியூர்க்காரர்கள் அதைக் காடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உடைமுள் மரமும் வெள்வேலும் நடுநடுவே சில வேம்பும்தான். ஆனால் மரத்தடி ஒவ்வொன்றிலும் புற்று இருந்தது.

அந்தக் காட்டிலும் எல்லா இடத்திலும் முளைக்காது. கண்மாய்த் தண்ணீர் ஏறி நிற்கிற தாழ்ந்த பகுதியில் கிடைக்காது. மேட்டின் உச்சியில், வெயில் நேராக அடிக்கிற மொட்டைப் புற்றிலும் கிடைக்காது. சரிவின் நடுவில், பிற்பகல் வெயில் படாமல் உடையின் நிழல் விழுகிற பக்கத்தில்தான் கிடைக்கும். ஆவணி புரட்டாசியில் நாலு நாள் புழுங்கி, இடியோடு ஒரு மழை பெய்தால், மூன்றாம் நாள் விடியலில் போக வேண்டும். மண்ணைக் கீறிக்கொண்டு கூரான மொட்டு தலைகாட்டும். இழுத்தால் வராது. விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தோண்டினால், முழங்கை நீளத்துக்கு வேர் புற்றுக்குள் இறங்கிப் போகும். வெயில் ஏறிவிட்டால் விரிந்து, மதியத்துக்குள் புழு வைத்துவிடும்.

இரண்டு வருஷம் அந்தக் காளான் எங்கள் இரண்டு வீட்டையும் கொஞ்சம் தாங்கியது. மதினி அதைப் பூண்டு போட்டு வேகவைத்துக் கேப்பைக் களியோடு கொடுப்பாள். குழந்தைக்கு மட்டும் அது பிடிக்காது. வழவழவென்று இருக்கிறது என்று துப்பிவிடும்.

மூன்றாம் வருஷம் கோடையில் கரிக்காரர் ஒருவர் அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் உயரமாக ஒரு கொப்பரையைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் வண்டியை ஓட்டினார்கள். மதுரைப் பாதையில் காரியாபட்டி மேட்டில் பஸ் ஏற முடியாமல் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். அந்த பஸ்களுக்கெல்லாம் கரி வேண்டியிருந்தது. கரிக்காரர் கூலியாகச் சோளம் அளந்தார். நானும் சிநேகிதனும் மரம் வெட்டப் போனோம்.

இதை நான் ஒளிக்கவில்லை. அந்தக் காட்டை வெட்டியவர்களில் நாங்களும் இருந்தோம். தறியில் நாடா ஓட்டிய கைக்குக் கோடாலி பழகப் பத்து நாள் ஆனது. உடை முள் உள்ளங்கையில் ஏறிச் சீழ் வைத்தது. வெட்டிய கட்டைகளைக் குவித்து, மேலே இலைதழை போட்டு, அதன்மேல் மண் பூசி, உள்ளே புகைய விடுவார்கள். அதைத்தான் மூட்டம் என்பார்கள். பூசுகிற மண் வெடித்துக் காற்று புகுந்தால் கட்டை சாம்பலாகிவிடும். வெடிக்காத மண் எதுவென்று கரிக்காரருக்குத் தெரியும்.

"புத்து மண்ண வெட்டிக் கொண்டாங்கப்பா. அதுதான் பிடிச்சு நிக்கும்" என்றார்.

வெட்டினோம். கடப்பாரை போட்டு ஒரு புற்றைப் பிளந்தபோது உள்ளே தேன்கூடு மாதிரி ஈரமான அறைகள் தெரிந்தன. அவற்றில் குருணை அரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சிநேகிதன் குனிந்து பார்த்தான்.

"ஏலே, இதுலருந்துதான் முளைக்குது போல."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

அவன் கூடையை நீட்டினான். நான் மண்ணை அள்ளிப் போட்டேன். ஆடி முடிவதற்குள் அந்தச் சரிவு மொட்டையாகிவிட்டது. மரமும் இல்லை, புற்றும் இல்லை. மூட்டம் போட்ட இடங்கள் மட்டும் கருப்பு வட்டங்களாகக் கிடந்தன. கரி வண்டி மாடுகளைக் கட்டிப்போட்ட இடத்தில் சாணி காய்ந்து கிடந்தது. கரிக்காரர் வேறு காடு பார்த்துப் போனார். அவரோடு சோளமும் போனது.

அந்த வருஷம் புரட்டாசியில் நல்ல மழை. மூன்றாம் நாள் விடியலில் நாங்கள் பழக்கத்தில் கிளம்பிவிட்டோம். சரிவில் ஒன்றும் இல்லை. வெள்ளம் செம்மண்ணை அரித்துக்கொண்டு போய்ச் சரளை பல்லைக் காட்டியது. திரும்பலாம் என்றிருந்தபோது, பழைய மூட்டத்தின் ஓரத்தில், மாடு கட்டிய இடத்தில் புதிதாகப் புல் முளைத்திருந்ததைப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று காளான்கள். கோழி முட்டை அளவில் சில, உள்ளங்கை அளவில் சில. அவ்வளவு காளானை ஒரே இடத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். உடனே கையோடு வந்துவிட்டது. சிநேகிதன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல வேரக் காணோமே."

"புத்தையே தோண்டி எடுத்துட்டோம். வேரு எதுக்குள்ள எறங்கும்?"

"தண்டுல மோதிரம் மாதிரி ஒண்ணு இருக்கு பாரு. நம்ம காளானுக்கு இது கெடையாது."

"சாம்பலும் சாணியும் கலந்த மண்ணு. மண்ணு மாறுனா காளானும் கொஞ்சம் மாறத்தான செய்யும்?"

இப்படித்தான் சொன்னேன். எங்கிருந்து அந்த விளக்கம் எனக்கு வந்தது என்று தெரியவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவன் காளானை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தான். பிறகு துண்டை விரித்தான். சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

என் மனைவி வீட்டில் இல்லை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்க விடியலிலேயே போய்விட்டாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அவள் வந்து சமைக்கட்டும் என்று காளானை முறத்தில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

சிநேகிதன் வீட்டில் மதினி உடனே அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு துண்டு மஞ்சளைப் போட்டு வேகவைத்துப் பார்த்தாளாம். விஷம் என்றால் மஞ்சள் கருக்கும் என்பார்கள். கருக்கவில்லை. குழந்தை வழக்கம்போல ஒரு வாய் தின்று துப்பிவிட்டது. சிநேகிதன் பாதிக் கிண்ணம் சாப்பிட்டான். மதினி மிச்சத்தை எல்லாம் சாப்பிட்டாள். பல மாதமாகத் தன் பங்கைக் குழந்தைக்கு எடுத்துவைத்தே வந்தவள் அவள். அன்று குழந்தை வேண்டாம் என்றதால், வழித்துச் சாப்பிட்டாள்.

குழந்தை வந்து என்னை எழுப்பியபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, அம்மா வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கு. அப்பாவும் எடுக்காரு."

ஓடினேன். மதினி கொல்லைப்புறத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறும் போய்க்கொண்டிருந்தது. சேலையெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள முயன்றாள். கை வரவில்லை.

"கொழுந்தனாரே, அங்க அவ சமைச்சிட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. இன்னும் வரல."

"அதக் கொட்டிருங்க."

ஒரு வண்டிக்காரரைக் கெஞ்சிப் பிடித்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மனைவி வழியில், வரிசையிலிருந்து வெறும் பையோடு திரும்பி வந்தவள், வண்டியைப் பார்த்து ஏறிக்கொண்டாள். டாக்டர் ஊசி போட்டார். உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வழியில் வாந்தி எடுத்த குழந்தைக்கு அன்று மாலையே தெளிந்துவிட்டது. சிநேகிதனுக்கு மறுநாள் காலையில் வாந்தி நின்றது. மதினிக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. கண் உள்ளே போய், விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. மறுநாள் மதியம் உயிர் போயிற்று.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்ல உடம்பா இருந்தா தாங்கியிருக்கும். இவங்க எத்தனை நாளாச் சரியாச் சாப்பிடல?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் தனியாக அந்த இடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. நாங்கள் விட்டுவந்த காளான்கள் குடையாக விரிந்து சாய்ந்து கிடந்தன. ஒன்றைத் திருப்பினேன். அடியில் இருந்த மடிப்புகள் பாசி பிடித்த தண்ணீர் போலப் பச்சையாக மாறியிருந்தன. நாங்கள் எடுத்தபோது அவை வெள்ளையாக இருந்தன. இளசு என்பதால்தான் வெள்ளை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் காலால் மிதித்தேன். பாதம் வழுக்கியது.

சிநேகிதனிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் எடுக்கச் சொன்னேன். நீ வேரு இல்லன்னு சொன்ன. நான்தான் கேக்கல."

அவன் பாவு நூல் சுற்றாத வெறும் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்தேன்ல. பாத்துட்டுத்தான துண்ட விரிச்சேன். விடு."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து, மதுரையில் ஒரு மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான். குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். வேறு இடம் அவனுக்கு இல்லை. என் மனைவி தலைவாரிவிடவும் தன்னோடு படுக்கவைத்துக்கொள்ளவும் செய்தாள். குழந்தை மெல்ல மெல்லக் கன்னடம் பேச ஆரம்பித்தது. அதன் வாயில் தெலுங்கு குறைந்துவிட்டதை நான் ஒருநாள் கவனித்தேன். மதினியிடமிருந்து அதையும் நான் எடுத்துவிட்டதாகத் தோன்றியது.

யுத்தம் முடிந்து, நூலும் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கிய பிறகு அவன் பெண்ணை அழைத்துப் போக வந்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது. கிளம்புகிற அன்று காலையில், நான் தறியில் இருந்தபோது அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"சித்தப்பா, அந்தக் காளான நீங்கதான் எடுத்தீகளா?"

தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாடாவை வைத்துவிட்டேன்.

"ஆமாத்தா. நாந்தான் எடுத்தேன். உங்கப்பா வேணாம்னு பாத்தாரு. நான் கேக்கல."

அவள் தறிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு அது பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்கும். அன்னைக்கு வயிறு நெறையச் சாப்பிட்டாகன்னு உங்கப்பா சொன்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். என் மனைவி கட்டிக்கொடுத்த கம்புச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு நடந்தாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நானும் போனேன். அவன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "வாரேன்லே" என்றான். வந்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து மில்லிலிருந்து வந்த ஒரு ஆளிடம் விசாரித்தேன். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், பெண் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகவும் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.