மலைத்துரை ஏன் சாலையை மூடினான்

என் மகள் உருவாக்கிய வில்லனுக்கு நான் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். சித்தூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவன் நான். தெலுங்கில் பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் கவலைப்படுகிறவன். காரணம் எழுதாமல் விளைவை மட்டும் எழுதுகிற விடைத்தாளுக்கு மூன்றுக்கு மேல் போட்டதில்லை. பெற்ற மகள் என்பதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா?

அவள் திருப்பதியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தாள். மகளிர் விடுதியில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் சித்தூர் வருவாள். போன வருஷம் அப்படி வரும்போது, சந்திரகிரி தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். அவள் போனிலிருந்து யாரோ ஒரு மனிதர் என்னை அழைத்து, தெலுங்கில் "மீ அம்மாயி" என்று தொடங்கினார். உங்கள் பெண் என்று சொன்ன பிறகு அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு மூச்சில் நான் எங்கெல்லாம் போய்வந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் அவள் எண்ணிலிருந்து போன் வந்தால், அவள் குரல் கேட்கிறவரை நான் வாயைத் திறப்பதில்லை.

கால் கூடிவிட்டது. நடந்தாள், மாடிப்படி ஏறினாள், துணி உலர்த்தினாள். வண்டியே ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்திருந்த அலுவலகமும் திரும்பி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் போகவேண்டும். நான்தான் வெயில் குறையட்டும் என்றேன். வெயில் குறைந்ததும் மழை நிற்கட்டும் என்றேன். மழை நின்றதும் ஆடி மாதம் வந்து எனக்குக் கைகொடுத்தது. ஆடி முடிந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த வில்லன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்க திருப்பதியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தி அவளுடைய விடுதி அறைத்தோழி, பிச்சாட்டூர்ப் பெண், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவள். இன்னொருவன் அவளோடு வேலை செய்கிற, நிலைவாசலில் தலை இடிக்கிற அளவுக்கு உயரமான, திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குப் பையன். மூவரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து விளையாடுவார்கள். விளையாட்டு என்றால் ஓடுவதும் இல்லை, சீட்டும் இல்லை. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்லவேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். கதை சொல்வது என் மகள். தோழி ஒரு மந்திரவாதி, பையன் ஒரு திருடன். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒளிந்து திருடுவான் என்று கேட்டேன். அது ஆட்டத்தில் சேராது என்றார்கள்.

கூடத்தில்தான் என் நாற்காலியும் இருக்கிறது. பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

வில்லனின் பெயர் மலைத்துரை. இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு மலை, மலைக்கு ஒரே ஒரு கணவாய்ச் சாலை, அதன் மேல் அவனுடைய கோட்டை. அவன் சாலையை முள்ளால் அடைத்துவிட்டான். யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. அவனுடைய பூர்வகதையை என் மகள் நல்ல குரலில் வாசித்தாள். இருபது வயதில் அரியணை ஏறியவன், அதற்கு முன் முப்பது வருஷம் தவம் செய்து மந்திரம் கற்றவன். ஒரு நெசவாளர் ஊரை ஒரே இரவில் பிடித்தவன். எப்படியென்றால், மந்திரத்தால் ஊரின் சத்தத்தையெல்லாம் நிறுத்திவிட்டான், அதனால் ஒருவரும் விழிக்கவில்லை. இப்போது அவனிடம் எலும்புக்கூட்டுப் படை இருக்கிறது. ஊர் ஊராக அரிசி வரி வசூலிக்கிறான்.

பேப்பரை மடித்து வைத்தேன்.

வயதுக் கணக்கை முதலில் சொன்னேன். பிள்ளைகள் திருத்திக்கொண்டார்கள். எலும்புக்கூடு சாப்பிடாது, அப்படியானால் அரிசி யாருக்கு என்றேன். உயரமான பையன் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். நெசவாளர் ஊர் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. நான் நகரியில் விசைத்தறி ஓடுகிற தெருவில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் தறிச் சத்தத்தில்தான் கைக்குழந்தை தூங்கும். கரண்டு போய்த் தறி நின்றால் அடுத்த நிமிஷம் தெருவே வாசலில் நிற்கும், கிழவர்கள் உள்பட. சத்தத்தை நிறுத்தி நெசவாளர் ஊரைப் பிடிக்கப் போகிறவன், போன வேகத்தில் உதை வாங்கிக்கொண்டுதான் திரும்புவான்.

"சரி நைனா, அதையும் மாத்திடறேன்" என்றாள் மகள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முக்கியமானது இன்னும் இருக்கிறது என்றேன். அவன் எதற்காகச் சாலையை மூடினான்? சாலை திறந்திருந்தால் சுங்கம் வரும், உப்பு வரும். மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அவன்தான். அவனுக்கு மனிதர்கள் மேல் வெறுப்பு என்றாள் மகள். வெறுப்பு என்று எழுதினால் ஒன்பதாம் வகுப்பில்கூட மதிப்பெண் கிடையாது என்றேன். அப்போதுதான் அந்த மூன்றைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை வரை அவள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசியபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைத்துரையாக நீங்களே உட்காருங்கள், காரணத்தையும் நீங்களே கொண்டுவாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு அதே நினைப்பு. வகுப்பில் முதலாம் உலகப்போரின் காரணங்களை நடத்தும்போதும் துரையைப் பற்றித்தான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை காய்கறி மார்க்கெட்டில், பீன்ஸை எடை போடுகிற நேரத்தில், காரணம் பளிச்சென்று வந்தது. துரைக்கு ஒரே மகள். அவள் அந்தச் சாலையில் குதிரையில் வரும்போது கீழே விழுந்துவிட்டாள். அதனால்தான் மூடினான். இவ்வளவு பொருத்தமான காரணம் எங்கிருந்து தோன்றியது என்று எனக்கே வியப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். குதிரைக்குக் குறுக்கே என்ன வந்தது என்று கேட்டாள். அதை இன்னும் யோசிக்கவில்லை என்றேன். அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலிதான் கோட்டை. மகள் கதையைச் சொல்லி, மந்திரவாதியையும் திருடனையும் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். சாலை மூடிய காரணத்தை நான் அறிவித்தேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டேன். மகள் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கதவைத் தட்டினார்கள். துரை வெளியே வரமாட்டார் என்றேன். நெருப்பு அம்பு விட்டார்கள். கோட்டை கருங்கல் என்றேன். தூது அனுப்பினார்கள். துரை தூங்குகிறார் என்றேன். அரை மணி நேரம் இப்படியே போனது. இவ்வளவு எளிதான வேலையை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கடைசியில் உயரமான பையன்தான் வழி சொன்னான். அவன் ஊரான திருப்பதியில் நடக்கிற கங்கம்மா ஜாத்திரை என்ற அம்மன் திருவிழாவின் கதை அது. ஊரைப் படுத்திய பாளையக்காரன் அம்மனுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான். அவனை வெளியே வரவழைக்க அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டு போனாள். அதனால் இன்றைக்கும் ஜாத்திரையில் ஜனங்கள் வேஷம் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். வேஷத்தில் இருப்பவர் திட்டினால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாமும்தான் வேஷத்தில் இருக்கிறோமே என்றான்.

மகள் என்னைப் பார்த்தாள். துரைக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். கருங்கல் கோட்டை, வசவு என்ன செய்துவிடும் என்ற தைரியம்.

பையன் தெலுங்கில் ஆரம்பித்தான். அங்கிள் என்றே கூப்பிட்டுப் பழகியவன், "ஒரேய் தொரா, பைட்டிகி ரா ரா" என்று, வெளியே வாடா என்று, நாற்காலியைச் சுற்றிவந்து கைதட்டிக் கூப்பிட்டான். பிச்சாட்டூர்ப் பெண் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"யோவ் தொர, ரோட்ட மூடிட்டு உள்ள குந்திக்கினு இன்னாய்யா பண்றே? முறுக்கு துன்னுக்கினு கீறியா?"

அப்போது உண்மையில் என் வாயில் முறுக்கு இருந்தது.

"வெயிலு, மழை, ஆடின்னு வானத்தயே பாத்துக்கினு கீறியே, நீ தொரையா, பஞ்சாங்கமா? பொண்ணு மாடிக்குத் துணி காயப் போடப் போனாக்கூட பின்னாலயே போறியாமே."

இது துரையைப் பற்றிய செய்தி இல்லை என்று எனக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். கோபிக்கக் கூடாது என்பது விதி.

சமையலறை வாசலில் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நானும் திட்டலாமா?" என்று கேட்டாள். ஜாத்திரையில் யார் வேண்டுமானாலும் திட்டலாம் ஆன்ட்டி என்றான் பையன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ராவுல எயுந்து எயுந்து போய், பொண்ணு மூச்சு வுடுதான்னு மூக்காண்ட கை வச்சுப் பாக்கற தொர. தானும் தூங்கறதில்ல, தொரசானியையும் தூங்க வுடறதில்ல."

பிச்சாட்டூர்ப் பெண் பாயில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, திட்டுகிற குரலை விட்டுவிட்டு, சாதாரணமாகவே என்னிடம் கேட்டாள். கீழே விழுந்தாளே அந்தப் பெண், இப்போது எங்கே இருக்கிறாள்? கோட்டைக்குள்தான் என்றேன். நடக்கிறாளா? நடக்கிறாள். குதிரை ஏறுவாளா? ஏறலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

மகள் பகடையைக் கீழே வைத்தாள்.

"நைனா, தொரைகிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு செத்துட்டாளா, இல்லியா?"

நான் கேட்ட எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. செத்தவளுக்காகச் சாலையை மூடினான் என்றால் காரணம் பொருந்தும். என் துரையின் மகள் கண்ணெதிரே உட்கார்ந்து, தட்டில் மிச்சமிருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய ஓட்டையை வாரம் முழுவதும் கையில் வைத்திருந்தும் நான் பார்க்கவில்லை. போனில் அந்த மனிதர் மூச்சு வாங்கிய இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பேசிய வாக்கியம் எனக்குள் போகவே இல்லை. அவர் சொன்னது, பெண் நன்றாகப் பேசுகிறாள், காலில்தான் அடி என்பது.

"இல்ல" என்றேன்.

"அப்போ ரோடு?"

பேப்பரை எடுத்துப் பிரித்தேன். வில்லனிடம் பதில் இல்லாவிட்டால் கோட்டைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதுதான் சட்டம் என்றாள் மகள். அந்தச் சட்டத்தை அவள் அந்த நிமிஷம்தான் இயற்றினாள் என்று இன்றுவரை சந்தேகப்படுகிறேன். மற்ற இருவரும் அது பழைய சட்டம் என்று சாதித்தார்கள். பையன் கற்பனை முள்ளையெல்லாம் வாரி வெளியே எறிந்தான்.

ஆனாலும் துரை துரைதான். சரணடைவதற்கு நிபந்தனைகள் வைத்தேன். முதல் ஒரு மாதம் பஸ்ஸில்தான் போகவேண்டும். சரி என்றாள். விடுதியில் மாடி அறை வேண்டாம். முடியாது என்றாள். தினமும் நான் போன் செய்வேன். எத்தனை தடவை என்று கேட்டாள். எண்ணிக்கை எதற்கு என்றேன். பேரம் முற்றி, பகடையே சொல்லட்டும் என்று முடிவானது. இருபது முகம் இருக்கிறது, பத்துக்குக் குறையாது என்ற நம்பிக்கையில் நானே வாங்கி உருட்டினேன். அது நாற்காலிக் காலில் இடித்து நின்றது. இரண்டு. மறுபடி உருட்டலாமா என்று கேட்டேன். மனைவிதான் முதலில் கூடாது என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். டிரைவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். தூங்கியெழுந்த முகமாகத்தான் இருந்தது. பஸ் கிளம்பியபோது அவள் கையாட்டினாள். நானும் ஆட்டினேன், கொஞ்சம் அதிக நேரம்.

இப்போது எனக்கு நாளைக்கு இரண்டு அழைப்புகள். எழுந்தாயா என்று ஒன்று, சாப்பிட்டாயா என்று ஒன்று. இரண்டும் காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு முதல் மணி அடிக்கும், வகுப்புக்குப் போவேன். போனை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார்கள் உடன் வேலை செய்கிறவர்கள். அந்த அளவுக்கு நான் இன்னும் வரவில்லை. சட்டைப் பையில்தான் இருக்கிறது. பாடம் நடத்தும்போது அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.