ஆள்காட்டியின் முட்டைகள்

மேல்சித்தாமூர் வாசுபூஜ்யன் கல்லூரியில் ஈட்டி எறிகிறான் என்று கேள்விப்பட்டு ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? விளக்கில் பூச்சி விழுந்து செத்துவிடுமே என்று பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா ஸ்ரீபால் மட்டும், "வெறும் மண்ணுலதானே குத்துறான், யாருக்கு இன்னா வந்துது?" என்று ஊர் வாயை அடைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அந்த ஸ்ரீபால் நெஞ்சு நோயில் படுத்துவிட்டார். இருமினால் துணியில் ரத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். மழை பொய்த்து மல்லாட்டைக் கடலையும் கருகிக் கிடந்த வருஷம், எங்கே போவது? நல்ல ஆட்டக்காரர்களை ரயில்வேயில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈட்டிப் போட்டியில் முதலிடம் வந்தால் வேலை நிச்சயம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால், அவன் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில். வாசுவுக்குக் கல்லூரியில் அது கடைசி வருஷம்.

போட்டி அவன் அதிர்ஷ்டத்துக்குச் செஞ்சியிலேயே நடந்தது. கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு பொட்டலைச் செதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஆளுக்கு மூன்று எறி. வாசுவின் முதல் ஈட்டி எல்லோரையும் தாண்டிப் போய், முனை குத்தாமல் படுக்கையாக விழுந்தது. கணக்கில் சேராது என்றார் நடுவர்.

எடுத்துவரப் போனவனின் தலைமேல் ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே பாய்ந்தது. கூழாங்கல்லுக்கு நடுவே மண் நிறத்தில் நான்கு முட்டைகள். ஈட்டி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. தொட்டு நகர்த்தினால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயந்து நடுவரிடம் ஓடினான்.

"சார், அங்க முட்ட இருக்குது. கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமா சார்?"

"முட்டைக்காகப் போட்டிய நிறுத்தச் சொல்றியா? போய் எறிப்பா, பரிசு குடுக்கத் தலைவர் காத்துட்டிருக்காரு."

மற்றவர்கள் எறிந்ததெல்லாம் வெகு முன்னாலேயே விழுந்தது. அவ்வளவு தூரம் எட்டுகிற கை அந்தக் களத்தில் அவனுடையது ஒன்றுதான். இரண்டாம் முறை பயத்தில் ரொம்பவே ஒரு பக்கமாகத் திருப்பி எறிந்தான். ஈட்டி கோட்டுக்கு வெளியே போனது.

மூன்றாவது எறிக்கு முன், நைனாவின் இருமலைப் பிடிவாதமாக நினைத்துக்கொண்டான். முட்டைதானே என்று வாய்விட்டும் சொன்னான். ஓடினான். அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன குருவி கத்தித் தொலைத்தது. வேண்டுமென்று விட்டானா, கை தானாகத் தளர்ந்ததா, அவனுக்கே கடைசிவரை தெரியவில்லை. மூன்றாம் இடம்.

ஜெயித்தவன் கோவிந்தசாமி. கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பொட்டல் முழுக்க ஓடினார்கள். வாசு கையை ஆட்டிக் கத்திக்கொண்டே குறுக்கே போனான். அவனும் கொண்டாடுகிறான் என்று நினைத்து ஒருவன் அவன் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு ஓடினான். கூட்டம் கலைந்தபின் போய்ப் பார்த்தான். மண்ணோடு மண்ணாக மஞ்சள் கரு. குருவி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் நைனா தலையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாடா ஆச்சு?"

ஒன்றுவிடாமல் சொன்னான், மூன்றாவது எறி வரைக்கும்.

"முட்ட தப்பிச்சுதா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவனால் உண்மை சொல்ல முடியும்? "தப்பிச்சுது நைனா."

ஸ்ரீபாலுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், இருமலுக்கு நடுவே, என் பிள்ளை நாலு உயிரைக் காப்பாற்றினான் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஆடி பிறக்குமுன் போய்ச் சேர்ந்தார்.

வாசு அவலூர்பேட்டை மண்டியில் மல்லாட்டை நிறுக்கப் போனான். அங்கேயும் கதை அவனுக்கு முன்னே போயிருந்தது. முட்டையைக் காப்பாற்றியவர் என்று கைகாட்டினார்கள். அவன் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பான். சிரிப்பு என்பது அவனிடம் அதோடு சரி.

அம்மா தர்மவதி மட்டும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வெகுநாள் கழித்து, அவனுக்குச் சோறு போடும்போது தானாகக் கேட்டாள்.

"உங்க நைனா போனா போவட்டும். அந்தப் பட்சி இந்நேரம் குஞ்சுங்களோட நல்லாயிருக்கும், இல்லடா?"

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நல்லாயிருக்கும்மா."